கத்திரிப்பூ நிற ஹப்

தண்ணீர் மீட்டர் பார்க்க வீடு வீடாகப் போகிறவளை எல்லோரும் மீட்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருஷமாக அத்தனை தெருவுக்கும் சைக்கிள்தான். ஆள் கொஞ்சம் கனம். போதாததற்கு மீட்டர் குழியின் மூடியை நெம்ப ஒரு இரும்புக் கம்பியும் கேரியரில் ஏறும். பின்சக்கரம் எத்தனை நாள் தாங்கும்? மாதத்துக்கு ஒரு ஸ்போக் அறுந்தது. கோட்டம் எடுத்து எடுத்து ரிம்மே நெளிந்துபோன பிறகு, பெரிய தெரு சைக்கிள் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"புதுசா சக்கரமே கட்டிடலாம்மா. ஹப், ஸ்போக், ரிம் எல்லாம் உங்க லோடுக்கு ஏத்த மாதிரி. கலர்கூட நீங்க சொல்றதுதான்."

அந்தக் கடைசி வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. முதல் சைக்கிள் அண்ணன் ஓட்டிக் கழித்தது. அடுத்தது ஆபீஸ் கொடுத்தது. சீருடை மண் கலர். எதுவும் அவளைக் கேட்டு வந்ததில்லை.

வேலைக்குப் போய்விட்ட மகளின் பழைய கலர் பென்சில்களைத் தேடி எடுத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தாள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். மூன்றாவது சரியாக வந்தது. நடுவில் ஹப் கத்திரிப்பூ நிறம். ரிம் கருப்பு, ஸ்போக் வெள்ளி. ஸ்போக்கை ரிம்மோடு முடுக்கும் குட்டி நிப்பிள்கள் எலுமிச்சை மஞ்சள். காற்றடிக்கும் வால்வுக்கு இருபுறமும் மட்டும் சிவப்பு. குனிந்து தடவாமல் வால்வு எங்கே என்று தெரியும் அல்லவா?

கடைக்குப் போன அன்று லீவு என்பதால் கணவரும் கூட வந்தார். கடைக்காரர் தாளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"என்ன சார், வீட்ல குழந்தைங்க வரைஞ்சதா?"

"நான் வரைஞ்சது" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார். கணவரும் சிரித்தார். அந்த இரண்டாவது சிரிப்பை அவள் மனசில் குறித்துக்கொண்டாள். போன் நம்பர் கேட்டபோது கணவர் முந்திக்கொண்டு தன் நம்பரைச் சொன்னார்.

பத்து நாள் கழித்துத் தனியாகப் போனாள். சக்கரம் தயாராக இருந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை கருப்பு.

"கத்திரிப்பூ கலர் வரலையா?"

"அதெல்லாம் இருக்கும்மா. சாருக்கு போன் போட்டேன். இந்த வயசுக்குக் கருப்புன்னா கௌரவமா இருக்கும்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு."

அந்தக் கலர் இல்லை என்றிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் அவர் தலைக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில் அந்த ஹப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இந்தச் சைக்கிள அவரா ஓட்டப் போறாரு?"

"அப்படி இல்லம்மா…"

"அப்புறம் அவர எதுக்குக் கேட்டீங்க? நான் வரைஞ்சு குடுத்தது என்ன, எறும்புப் பொடி மடிக்கவா?"

பேச்சுக் கேட்டு, உள்ளே சக்கரம் கட்டுகிறவர் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். "தாளா? எனக்கு யாரும் காட்டலையே." கல்லா மேசையில் கிடந்த தாளை எடுத்துக் கவனமாகப் பார்த்தார். முதலாளி முறைத்ததை அவர் சட்டை செய்யவில்லை.

"ஒண்ணு சொல்றேன். கலர் நிப்பிள் அலுமினியம். செயின் இருக்கிற பக்கம் இழுவை ஜாஸ்தி. உங்க லோடுக்கு அங்க பித்தளைதான் நிக்கும், முலாம் பூசியிருக்கறதால அது வெள்ளியா இருக்கும். இந்தப் பக்கம் மஞ்சள் போடலாம். வால்வுகிட்ட ஒரு சிவப்புதான் கிடைக்கும், இன்னொண்ணு செயின் பக்கத்து ஸ்போக்ல வரும், அங்கயும் பித்தளைதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, அப்படியே செய்ங்க. காரணம் சொன்னா எனக்கும் புரியும்."

"நாளைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றார் கடைக்காரர்.

"இல்ல, இங்கயே இருக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தாறு ஸ்போக்கையும் கழற்றி, ஹப்பை மாற்றி, வெள்ளி ஸ்போக்குகளைக் கோத்துக் கோட்டம் எடுத்து முடிக்கும்வரை அசையவில்லை. முடிந்ததும் கடைக்காரர் அதைப் போனில் படம் எடுத்தார். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். "கடையிலேருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சு. கருப்புன்னா அழுக்கு தெரியாதேன்னு…"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் பேப்பரை மடித்தார். "சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்."

கடைக்காரர் மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தெரியாமல் செய்திருந்தால் மறதி என்று விட்டுவிடலாம். மாட்டேன் என்பாள் என்று தெரிந்து, அதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷனை என்ன செய்வது? "ஒரு கலருக்கா இவ்வளவு?" என்று வேறு கேட்டார். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பெரிய தெருவில் மீட்டர் பார்க்கப் போனாள். கடையின் கண்ணாடிக் கதவில் அவளுடைய சக்கரத்தின் பெரிய படம் தொங்கியது. கீழே கொட்டை எழுத்தில்: எங்கள் கடையின் வண்ணத் தேர்வு.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போனாள். "இது யாரோட தேர்வு?"

"விளம்பரத்துக்குத்தானேம்மா. நாலு பேரு வந்து இதே மாதிரி கேக்குறாங்க."

"கேக்கட்டும். குழந்தை வரைஞ்சதுன்னு சிரிச்சவர் நீங்க. எழுத்த மாத்துங்க, இல்ல படத்தக் கழட்டுங்க."

அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு படத்தைக் கழற்றினார். அவள் அதை வாங்கிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மேசையில் விரித்துவைத்தாள். அவளைப் போலவே சாப்பிட வந்திருந்த கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

"உங்கள யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த தெருக்களைப் பார்க்கக் கிளம்பினாள்.