திமிங்கலச் சுறாவும் சிவராமகிருஷ்ணனின் மடியும்

2024 ஏப்ரல் 20 — நீச்சல் கண்ணாடி, மூச்சுக்குழல்: ரூ. 1,850
மே 9 — மாலத்தீவு விமான டிக்கெட், இரண்டு பேர்: ரூ. 38,400
மே 21 — படகு, இரண்டு நாள்: ரூ. 27,000
அக்டோபர் 4 — ஹோட்டல் சாப்பாடு, 62 இலை: ரூ. 9,920

கடைசி வரியை மட்டும் எங்கள் மட்டாஞ்சேரி சமூக மடம் கொடுத்தது. மற்றவை மடத்துச் சமையல்காரர் சிவராமகிருஷ்ணனின் மகள் மாளவிகா செலவழித்தவை. நான் மடத்தின் கணக்கு எழுதுகிறவன். ஒரு மீன் மேலே பட்டதற்காக அறுபத்திரண்டு பேர் ஏன் ஹோட்டல் சாம்பார் சாப்பிட வேண்டியிருந்தது என்று பலரும் கேட்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

சிவராமகிருஷ்ணன் முப்பத்தொரு வருடமாக மடியாகச் சமைப்பவர். காலையில் குளித்து ஈர வேட்டியோடு அடுப்படிக்குள் போனால், நைவேத்தியம் முடியும்வரை பெற்ற மகள்கூட அவர் மேல் படக்கூடாது. கொதிக்கும் ரச அண்டாவோடு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் மேலும் உரசாமல் போய்வருவார். ஒருநாள் டிவியில் திமிங்கலச் சுறாவைப் பார்த்துவிட்டு, "இத்தனை பெரிசா இருந்துண்டு யார் மேலயும் படாம போறது பாரேன்" என்று அசந்துபோனார். அதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அறுபதாவது பிறந்தநாளுக்கு மாளவிகா ஏற்பாடு செய்தாள்.

மடத்துக்கு எதிரே மீன் விற்கும் ஜோசி சேட்டனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஸாமி, மீன் பார்க்க மாலத்தீவா? இங்கே வந்தா நான் சும்மாவே காட்டித் தருவேனே!"

"உன் மீன் அசையாதேடா."

"அசையற மீன் ஸாமியை விழுங்கினால்?"

"நாற்பதடி இருந்தாலும் கடுகாட்டமா பொடி தீனிதான் அதுக்கு. என்னைவிட மிதமா சாப்பிடறது."

படகில் வழிகாட்டியாக வந்தவள் மாதுரி. சொந்த ஊர் திருச்சூர், கடல் உயிரியல் படித்தவள். விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மீனின் உடம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், வாலிலிருந்து நான்கு. வழியை மறிக்கக்கூடாது. வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கக்கூடாது. உடம்பில் க்ரீம், எண்ணெய் எதுவும் கூடாது. தொட்டவர் மறுபடி தண்ணீரில் இறங்கக்கூடாது.

"எண்ணெய் ஸ்நானத்தை மூணு வாரம் முன்னாடியே நிறுத்திட்டேன்" என்று சொல்லி சிவராமகிருஷ்ணன் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

குளத்தில் நீந்தி வளர்ந்தவர். தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து அசையாமல் மிதந்தார். கீழே புள்ளிபுள்ளியாக மீன் வந்தது. மற்றவர்கள் செல்போனோடு நெருங்கியதும் மூச்சுக்குழலைக் கழற்றி, "தள்ளிக்கோங்கோ! தள்ளிக்கோங்கோ!" என்று அண்டா தூக்கும் குரலில் கத்தினார். தமிழ் தெரியாத ஒன்பது பேரும் விலகிக்கொண்டார்கள். மீன் மட்டும் விலகவில்லை. அவர் பக்கம் திரும்பியது. அவர் பின்வாங்கினார். அது வந்தது. மறுபடி பின்வாங்கினார். முதுகில் படகின் ஏணி இடித்தது. மீன் தன் பக்கத்துடுப்பால் அவருடைய இடது தோளை மெல்லத் தேய்த்துவிட்டுப் போனது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. இவராகவே ஏறி வந்து மாதுரியிடம் சொன்னார்.

"தொட்டுட்டேன்."

"இல்லை மாமா, அதுதானே உங்களைத் தொட்டது? உங்க மேல தப்பே இல்லை."

"யார் மேல யார் பட்டா என்ன? பட்டது பட்டதுதான். என் மடி போனா போறது, குளிச்சா வந்துடும். அது பொறந்ததுலேர்ந்து குளிச்சுண்டே இருக்கு. அதைவிட மடி இந்த லோகத்துல யாரு? அதைக் கெடுத்துட்டேனே! இனி அது எங்கே போய்க் குளிக்கும்?"



மறுநாள் மூன்று மீன்கள் வந்தன. சிவராமகிருஷ்ணன் படகிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "அப்பா, ஒரே ஒரு தடவை இறங்குங்கோப்பா" என்று மாளவிகா அழாத குறையாகக் கெஞ்சினாள். "கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

ஊர் திரும்பியும் அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. அன்றாடச் சமையலை உதவியாள் ஒப்பேற்ற, இவர் வெளியே உட்கார்ந்து காய் நறுக்கித் தந்தார். "யார் மேலயும் படாதவன்னுதானே கரண்டியை என் கையில குடுத்தேள்? நான் குத்தம் செய்யலைன்னு எழுத்துல வரட்டும். வராட்டா வேற ஆளைப் பார்த்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, படகுக் கம்பெனிக்கு முழு வாக்குமூலத்தையும் தபாலில் அனுப்பினார்.

முதலில் வந்த பதில், பயணத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது நட்சத்திரம் தருவது முறையல்ல என்று திரும்ப எழுதினார். இரண்டாவது பதில், அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தந்தது. "குத்தவாளியைப் போய் விருந்துக்குக் கூப்பிடறானே, இவன் என்ன கம்பெனி நடத்தறான்!" என்று கோபப்பட்டார்.

நவராத்திரி வந்துவிட்டது. அத்தனை இலைக்குச் சமைக்க உதவியாளால் முடியவில்லை. ஹோட்டல் சாம்பாரில் பீட்ரூட் மிதந்தது. மடத்துத் தலைவர் வெங்கிடேஸ்வரன் பொறுமை இழந்தார்.

"ஓய், லெட்டர்தானே வேணும்? நானே ஒண்ணு எழுதித் தரட்டுமா?"

"எழுதும். கீழே மீனோட கையெழுத்தையும் வாங்கிண்டு வாரும்."

கடைசியில் மாதுரியே கைப்பட எழுதினாள். மாளவிகா தண்ணீருக்குள் எடுத்து அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாளாம். செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளை வைத்து மீனை அடையாளம் கண்டாளாம். படகின் அடிப்பாகம், ஏணி, ஆட்கள் என்று எதிர்ப்பட்டதிலெல்லாம் போய் உரசுவது அந்த மீனின் பழைய வழக்கமாம். "நீங்கள் விலகினீர்கள், அது துரத்தி வந்தது. உங்கள் மேல் குற்றம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் தண்ணீரில் இறங்கலாம். மீன் குளிப்பதற்கு இங்கே போதுமான தண்ணீர் இருக்கிறது" என்று முடித்திருந்தாள்.

சிவராமகிருஷ்ணன் இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீன் மேல நடவடிக்கை எதுவும் இல்லையே?"

"அப்படி ஒண்ணும் எழுதலை."

"அப்போ சரி" என்று கிணற்றடிக்குப் போனார். அன்று சாயங்காலச் சுண்டலை அவர்தான் தாளித்தார்.

கடிதம் வந்தது 2024 அக்டோபர் 9, புதன்கிழமை.