ரமலான் அட்டவணையைக் காணோம்

நுஹாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், கீபோர்டைத்தான் நொறுக்குவாள். அம்மான் நகரில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவளுடையது.

அன்று வந்ததும் வராததுமாகக் கீபோர்டு அதிர்ந்தது. அவள் வீட்டு மாடியில் இருக்கும் உம்மு நாயிஃப் என்ற பெண்மணிக்கு, டயாலிசிஸுக்கு வரச்சொல்லி எங்கள் நிரல் அனுப்பிய நேரம் தப்பு. ரமலானில் மாலை நேரச் சிகிச்சை நோன்பு திறந்த பிறகுதான் தொடங்கும். பாவம், சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை பூட்டிய கதவின் முன்னால் வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்தாராம்.

எங்கள் நிரல், அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, அந்தப் பெயருள்ள கிளாஸை, அதாவது அந்த வேலைக்கென்று தனியாக எழுதிய நிரல் துண்டை, ஓடும்போதே தேடிப் பிடித்து வேலை வாங்கும். பெருநாள் முடிந்ததும் ரமலான் அட்டவணை கிளாஸை மருத்துவமனைக்கு அனுப்பும் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவோம், வாசலில் தொங்கும் விளக்குகளைக் கழற்றுவதுபோல. அந்த வருடம் திரும்பச் சேர்க்க மறந்துவிட்டோம். கிளாஸ் இல்லை என்று பிழை எழத்தான் செய்தது. எங்கள் தலைவர் முன்திர் என்றோ எழுதிய சில வரிகள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, வழக்கமான அட்டவணையை எடுத்துக்கொடுத்துவிட்டன.

"கிளாஸ் இல்லேன்னா தொடங்கவே கூடாது சார். எது இல்லேன்னு பேரச் சொல்லிட்டு நிக்கணும்" என்றாள் நுஹா.

"உனக்கென்னம்மா! ஆஸ்பத்திரிக்காரன் திரையில சிவப்பா எதையாச்சும் பாத்தா என் உசுரத்தான் எடுப்பான்."

"எடுக்கட்டும். நீங்க திட்டு வாங்குனா காதோட போச்சு. அந்தம்மா உடம்பெல்லாம் தண்ணி கோத்து, பூட்டுன கதவு முன்னால கெடந்தாங்க."

முன்திர் தேநீரில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார்.

நுஹா அந்த வரிகளை அழித்தாள். முகப்புப் படம் போன்றவை இல்லாவிட்டால் போகட்டும், குறித்துவைத்துவிட்டு ஓடு. நேரம் சொல்லும் கிளாஸ் இல்லாவிட்டால் நில். அப்படித்தான் எழுதினாள். "வேலைய விட்டு அனுப்புனாலும் பழசத் திரும்ப எழுத மாட்டேன்" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அடுத்த ரமலானுக்கு முந்தின நாள் மருத்துவமனையில் அமைப்புக் கோப்பை ரமலானுக்கு மாற்றி நிரலைத் தொடங்கினார்கள். தொடங்கவில்லை. திரையில் சிவப்பு எழுத்து: "ரமலான் அட்டவணை கிளாஸ் இல்லை. அது வரும்வரை தொடங்க மாட்டேன்."

போன முறை அதைத் தொகுப்பிலிருந்து எடுத்தவர் முன்திர். நாங்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். தொலைபேசியில் மருத்துவமனைக்காரர் கத்துவது என் மேசைவரை கேட்டது.

"இல்லைங்க, கெட்டுப்போகல. சரியாத்தான் நிக்குது" என்றார் முன்திர். "தப்பு என்னோடது. இப்பவே அனுப்புறேன்."

நுஹா ஏற்கெனவே அனுப்பியிருந்தாள்.

மறுநாள், நிரல் சொன்ன நேரப்படி, நோன்பு திறந்த பிறகு உம்மு நாயிஃப் டயாலிசிஸுக்குப் போனார். கதவு திறந்திருந்தது.