பிரேசில் போன அட்டைப்பெட்டி

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் யார் ஊருக்குப் போனாலும் அட்டைப்பெட்டியில் பெயர் எழுதுவது நான்தான். மூன்றாம் வகுப்பிலேயே என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பெயர், ஊர், விமான எண், தேதி எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் எழுதிக் கொடுப்பேன். கூலி ஒரு சாக்லேட். அந்தப் பெருமைதான் எங்கள் குடும்பத்தையே பெட்டி கட்டவைக்கப் பார்த்தது.

வாப்பா ஒரு கால்பந்து கிளப்பில் டிரைவர். எந்த ஊர்க் கிளப் என்று சொல்லப்போவதில்லை. சின்னக் கிளப், கோபம் மட்டும் பெரிது. சீசனுக்கு இரண்டு கோச் மாறுவார்கள், அவர்களின் வண்டியை ஓட்டும் வாப்பா மட்டும் மாறமாட்டார். அந்த வருஷம் வந்தவர் ஒரு பிரேசில்காரர். நரைத்த மீசை, முழங்காலில் நீளத் தழும்பு. பத்தொன்பது வருஷத்தில் பதினான்கு கிளப் பார்த்தவர். குவைத், மஸ்கட், தம்மாம் என்று பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வார். "வரும்போது ஏர்போர்ட்டுக்கு நாப்பது பேரு பூவோட வருவாங்க. போகும்போது டிரைவர் மட்டும்தான் வருவான்" என்று சிரிப்பார்.

அவருக்கு ராசியில் அபார நம்பிக்கை. ஒருநாள் தற்செயலாக நான் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன், அன்று டீம் ஜெயித்தது. அதிலிருந்து உள்ளூர் மேட்ச் என்றால் நானும் வந்தாக வேண்டும். வண்டிச் சாவி இன்னொரு ராசி. ஆட்டம் முடியும்வரை அது அவருடைய இடது பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

ஆனால் என் ராசியும் சாவியின் ராசியும் சேர்ந்தே படுத்துவிட்டன. தொடர்ந்து ஐந்து தோல்வி. ஒரு வியாழக்கிழமை கிளப் மேனேஜர் வாப்பாவைக் கூப்பிட்டு ஒரு விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். அன்று அடுப்படியில் வாப்பா உம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதை, வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்த நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"நாளைக்கு மேட்ச்ல தோத்தா கோச்ச சனிக்கிழமை ஃப்ளைட்ல ஏத்திவிடணுமாம். ஜெயிச்சா டிக்கெட்ட கிழிச்சிடணுமாம். அதுவரைக்கும் அந்த மனுசன் காதுக்குப் போனா என் விசாவும் கேன்சல்."

விசா கேன்சல் என்றால் என்னவென்று கல்ஃபில் வளரும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து ஃபிளாட் தோழி அப்படித்தான் பாதி வகுப்பில் காணாமல் போனாள். ஆனாலும் மறுநாள் வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தபோது, கதவுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த புது அட்டைப்பெட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தோற்றால் கிரவுண்டிலிருந்து நேரே போய் கோச்சின் சாமானைக் கட்டலாம் என்று வாப்பா கீழ்க்கடையில் வாங்கி வைத்திருந்த பெட்டி. ஃப்ரிட்ஜ் மேல் டிக்கெட். நான் இதுவரை பிரேசிலுக்கு எழுதியதே இல்லை. கை சும்மா இருக்குமா? பெயர், ஊர், விமான எண், சனிக்கிழமைத் தேதி எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல் எழுதி முடித்தேன்.

தாமதமாக வந்த வாப்பா பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் டிக்கியில் போட்டார். கோச்சை ஏற்றிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனோம். இறங்கியதும் கோச் வழக்கம்போலச் சாவியை வாங்கி இடது பாக்கெட்டில் போட்டு, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. வாப்பாவின் உதடுகள் துஆவில் அசைந்துகொண்டே இருந்தன. அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று, "வாப்பா, கோச் பெட்டியில நான் பேரு, ஃப்ளைட்டு எல்லாம் எழுதிட்டேன்" என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "யா அல்லாஹ். சாவி அவர்ட்டல்ல இருக்கு" என்று எழுந்து ஓடினார். வீரர்கள் அறை வாசலில் காவலாளி விடவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வாயில் துஆவே வரவில்லை. எதைக் கேட்பார்? தோற்றால் எப்படியும் டிக்கெட்டைக் கையில் கொடுக்கத்தான் போகிறார்கள், பெட்டியால் ஆபத்தில்லை. ஜெயித்தால் கோச்சுக்கு வாழ்வு, அந்தப் பெட்டி கண்ணில் பட்டால் எங்களுக்குப் பயணம். ஊரே எழுந்து நின்று கத்தியபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கடைசி நிமிஷத்தில் எங்கள் டீமுக்குப் பெனால்டி. பந்து வலைக்குள் போனதும் வாப்பா என்னை இழுத்துக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடினார்.

ஆனால் எங்களுக்கு முன்னால் கோச்சும் மேனேஜரும் தோளில் கைபோட்டபடி வந்துவிட்டார்கள். வாப்பா கை நீட்டிச் சாவியைக் கேட்பதற்குள், தன் பையை வைக்க கோச்சே பட்டனை அழுத்தினார். டிக்கி தானாகத் திறந்தது. வரும் வழியில் குலுங்கியதில் பெட்டி புரண்டு, என் அழகான கையெழுத்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. பெட்டியைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். "நீ சொன்னியா?" என்றார்.

கோச் குனிந்து, ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை. என் விரலில் மார்க்கர் கறை அப்படியே இருந்தது.

"அவன் சொல்லல. நேத்து வண்டியில டிக்கெட்ட நானே பாத்தேன். நான்தான் இந்தப் பொண்ண எழுதச் சொன்னேன்."

"ஜெயிச்சாலும் போறதுக்கா எழுதச் சொன்ன?"

மைதானத்தில் கோச்சின் பெயரைச் சொல்லி இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா. கலாஸ், போதும். வீட்டுக்குப் போறேன்" என்றார்.

மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கோச் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வாப்பா தரையைப் பார்த்தபடி நின்றார்.

சனிக்கிழமை ஏர்போர்ட்டில் அந்தப் பெட்டியை நீலக் கயிற்றால் வாப்பா கட்டிய மாதிரி யாரும் கட்டி நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார், விட மனசில்லாமல். கோச் என் எழுத்தின்மேல் விரலை ஓட்டி, ரொம்ப அழகு என்றார். "இந்தத் தடவை ரெண்டு பேரு வந்திருக்கீங்க" என்று என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

வாப்பா அதே கிளப்பில் இன்னும் பதினொரு வருஷம் வண்டி ஓட்டினார். நான் அதே பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தேன். பெட்டியைப் பற்றி வாப்பா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அன்று பார்க்கிங்கில் அவர்கள் பேசிய இங்கிலீஷ் எனக்கு முழுக்கப் புரிந்தது. ஜெயித்த மனிதர் ஏன் போகிறார் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. அவருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில், என் கையெழுத்து பிரேசில் போயிருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.