ஏழு எஞ்சின்களுக்கும் மூன்றாம் நம்பர்

ஜெபமணி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் நான் பார்த்தேயிராத ஒரு தபால்காரர். திசையன்விளைப் பக்கம் ஏதோ ஒரு சிற்றூரில் தபால் கொடுப்பவர். நான் அனுப்பிய கவர் பதினொரு நாள் கழித்து என்னிடமே திரும்பி வந்தது. முகவரியின் குறுக்கே நீல மையில் ஒரு வரி: ‘விலாசதாரர் காலமானார். அனுப்பியவருக்குத் திருப்பவும்.’ கையெழுத்து நன்றாக இருந்தது. அப்போது கடையில் ஒருவர் மெஷின் ஊசி கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன்.

அவர் கடைசியாக வேலை பார்த்த கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆமாங்க, மாரடைப்புங்க, அடக்கமாகி ஒரு மாசமாச்சுங்க என்றார் ஃபோர்மேன். உங்களுக்குத் தெரியாதுங்களா என்றும் கேட்டார். தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தச் சங்க மலரைப் படிக்கும் மெக்கானிக்குகளில் பலருக்கு ஜெபமணி என்றால் தெரியாது. ‘போர்டு மணி’ என்றால் தெரியும். நிட்டிங் மெஷினின் எலெக்ட்ரானிக் போர்டு செத்துவிட்டது, புதிது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கையைப் பிசைந்தபோதெல்லாம் அந்தப் போர்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து உயிர் கொடுத்தவர். உங்களில் முக்கால்வாசிப் பேர் அவரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் எத்தனை பேர் அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னீர்கள் என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை. கேட்டால் மலரில் போட மாட்டார்கள்.

அவர் பத்தாவது தாண்டாதவர். நான் எட்டாவது. கணியூரில் இருந்த என் பங்குக் காட்டை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு, நிட்டிங் மெஷினைக் கழற்றி மாட்டத் தானாகவே கற்றுக்கொண்டு, அவிநாசிபாளையத்தில் ரோட்டோரமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தவன். அவர் கரண்டு பக்கம், நான் இரும்பு பக்கம். இரண்டு பேருக்கும் இடையில் ரயில் வந்தது ஒரு ஜெர்மன் பையரால்.

பனியன் ஆர்டர் கொடுக்க வந்த அந்த ஆள், கம்பெனி முதலாளிக்கு உள்ளங்கை நீளத்தில் ஒரு ரயில் எஞ்சின் பரிசாகக் கொடுத்திருக்கிறார். முதலாளி வீட்டில் அதை எதிலோ சொருகிப் புகை வரவைத்துவிட்டார்கள். போர்டு மணியைக் கூப்பிட்டார்கள். அவர் சரி செய்தார். அதற்குள் அந்த வீட்டில் எல்லாருக்கும் அது சலித்துவிட்டதால் நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக என் கடைக்கு வந்தார். எஞ்சினின் மூடியைத் திறந்து, உள்ளே தபால்தலை அளவில் இருந்த போர்டைக் காட்டினார்.

“அண்ணாச்சி, இதுக்கு விலாசம் இருக்கு, பாத்தியளா?”

விஷயம் இதுதான். பழைய முறையில் தண்டவாளத்துக்குக் கரண்டு கொடுத்தால் அதன்மேல் நிற்கும் எல்லா எஞ்சினும் ஓடும். ஒன்றை மட்டும் ஓட்ட வேண்டுமென்றால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச் போட வேண்டும். புதிய முறையில் கரண்டும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் சேர்ந்து போகும். ஏழாம் நம்பர் நகரு என்றால் எல்லா எஞ்சினும் அதைக் கேட்கும், ஏழாம் நம்பர் மட்டும் நகரும். கடையிலிருந்து வரும்போது எல்லா எஞ்சினுக்கும் மூன்றாம் நம்பர்தான். வாங்கியவர்தான் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் எழுத வேண்டும். அந்த நம்பரைத்தான் ஜெபமணி விலாசம் என்பார். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த இங்கிலீஷ் தாள்களை அகராதி வைத்துக்கொண்டு படித்துத் தெரிந்துகொண்டது இது.

என் கடையின் மேலே தகரம் வேய்ந்த அறை சும்மா கிடந்தது. அங்கே ஒரு ஜங்ஷன், இரண்டு சின்ன ஸ்டேஷன், ஏழு வண்டிகள் என்று திட்டம் போட்டோம். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். யாரும் கை வைக்காமல் ஒரு மணி நேரம் அந்த ஏழு வண்டிகளும் தாமாகவே டைம் டேபிள்படி ஓட வேண்டும். கிராஸிங்குக்குத் தானே நிற்க வேண்டும், வழி கிடைத்ததும் தானே கிளம்ப வேண்டும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டேதான் போவார். வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் நின்றுவிடும். எல்லாரும் திட்டுவார்கள். இவர் மட்டும் ஏன் நிற்கிறது, எதற்கு வழிவிடுகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பாராம். அந்த யோசனைதான் இவ்வளவு தூரம் வந்தது.

தண்டவாளம் நான் செய்தேன். பித்தளைப் பட்டையை அரத்தில் ராவி, செம்பு ஒட்டிய குறுக்குக் கட்டைகளின்மேல் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பைக் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். பாதை பிரியும் இடங்களில் தண்டவாளத்தை இழுக்கும் கம்பிக்குக் கழித்துப்போட்ட நிட்டிங் ஊசிகளை மாட்டினேன். ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனித்துக்கொண்டு வெளிநாடு போய்வரும் மெர்ச்சன்டைசர் ஒருவர் மற்ற எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்க வந்தவர்கள் பெரியவங்களுக்கு விளையாட்டு வயசு திரும்பிடுச்சுங்க என்று சிரித்தார்கள். அவர்கள் பெயர்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

கட்டளை அனுப்ப ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தோம். வண்டி எங்கே நிற்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? இதை அவர் நிட்டிங் மெஷினிடமிருந்தே எடுத்தார். நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று, அந்த இடத்து விளக்கு எரியுமே, அதே போலப் பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பலகையில் ஒரு விளக்கு. எஞ்சின் அங்கே நின்றால், அது இழுக்கும் கரண்டை வைத்து விளக்கு எரியும். முதல் முறை பலகையில் விளக்கு எரிந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். அவருக்குத் திருப்தியில்லை. “ஆள் இருக்குன்னு சொல்லுது அண்ணாச்சி. யாருன்னு சொல்ல மாட்டேங்குது” என்றார்.

அது அவரைத் தின்றுகொண்டே இருந்தது. கரண்டு போய் வந்தால் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் மறந்துவிடும். விளக்குகள் எரியும், பெயர்கள் இருக்காது. அதற்கும் ஒரு வழி யோசித்து நோட்டில் எழுதினார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல, கரண்டு வந்ததும் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு முன்விளக்கைப் போடச் சொல்வது. விளக்குப் போட்டால் அந்த இடத்தில் கரண்டு கொஞ்சம் கூடும், அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய முறையில் துண்டுக்கொரு சுவிட்ச் வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்று நான் சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

அவருக்கே இந்த ஊரில் நிலையான விலாசம் கிடையாது. பதினொரு மாதத்துக்கு ஒரு வீடு. வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு அறை, காலி செய்யச் சொன்னால் இன்னொரு லைன் வீடு. ரேஷன் கார்டு கடைசி வரை ஊர் விலாசத்திலேயே இருந்தது. ஆனால் வந்த எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம் எழுதினார். அது மட்டுமல்ல. கூட்ஸ் எஞ்சின் மெதுவாக இழுத்துக் கிளம்ப வேண்டும், பாசஞ்சர் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் போர்டிலும் அதனதன் குணத்தையும் எழுதினார். ஒவ்வொரு எஞ்சினுக்கும் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எல்லாம் அந்த நோட்டில் இருந்தது.

நம்பர் எழுதுவதற்குத் தனியாக ஒரு துண்டுப் பாதை வேண்டும் என்றார். எழுதும் கட்டளைக்கு மட்டும் விலாசம் கிடையாது, பாதையில் நிற்கும் எல்லா எஞ்சினும் அதை ஏற்றுக்கொண்டுவிடும். மற்ற பாதையோடு கரண்டுத் தொடர்பு இல்லாமல், இரண்டு தண்டவாளத்தையும் அறுத்துப் பிரித்த இடம். நான்கு சாண் போதும். எஞ்சினை அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பெயர் வைப்பதால் அதற்கு ஞானஸ்நானத் தொட்டி என்று பெயரிட்டார். நாங்கள் தொட்டி என்றே சொல்வோம். பெயர் இருந்ததே தவிரத் தொட்டி இல்லை. நான் பற்றவைத்த தண்டவாளத்தை அறுக்க மாட்டேன் என்றேன். மற்ற எஞ்சின்களைக் கையால் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு எழுதினால் போகிறது, இதற்காக எதற்குப் பாதையை அறுப்பது என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான். அவரும் அப்படித்தான் எழுதி வந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் ஊருக்குப் போயிருந்தார். ஏழாவது எஞ்சினைக் கொண்டுவந்த மெர்ச்சன்டைசர், ஓட்டிக் காட்டுங்க பார்க்கலாம் என்றார். எனக்கும் தெரியும் என்று காட்ட ஆசை. ஏழாம் நம்பர் என்று கூப்பிட்டும் புது எஞ்சின் நகரவில்லை. எழுதியதையெல்லாம் அழித்துக் கடையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோகும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தேன். மற்ற ஆறும் பாதையில்தான் நின்றுகொண்டிருந்தன. கட்டளை எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அந்த ஆறும் தம் விலாசத்தையும் குணத்தையும் மறந்து, புதியதைப் போலவே மூன்றாம் நம்பராகிவிட்டன. மூன்றாம் நம்பரைப் போட்டுக் குமிழைத் திருகியதும் ஏழும் ஒன்றாகக் கிளம்பின. வளைவில் இரண்டு மோதிக் கவிழ்ந்தன. மெர்ச்சன்டைசர் கைதட்டினார். இப்படித்தான் ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஜெபமணி ஊரிலிருந்து வந்து பார்த்தார். திட்டவில்லை. நோட்டு இருக்குல்லா, திரும்ப எழுதிரலாம் என்றார். பெட்டியிலிருந்து ஹாக்ஸா பிளேடை எடுத்து என் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

“தொட்டிய மட்டும் அறுத்துத் தாங்க அண்ணாச்சி. மனுசன்னா மறக்கத்தான் செய்வான். பாதையை அறுத்துட்டா, யாரு மறந்தாலும் ஒண்ணும் ஆவாது.”

நான் மறதிக்காரன் என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் கோபத்திலும் ‘ங்க’ போகாது. அதனால் சொல் உறைக்காது என்று அர்த்தமில்லை.

“ஏனுங்க ஜெபமணி, ஊடு மாத்திக்கிட்டே இருக்கறவங்களுக்கு அறுத்துட்டுப் போறது சுலபமுங்க. எனக்கு அப்படி இல்லீங்க.”

அவர் பிளேடைத் திரும்ப எடுக்கவில்லை. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, “சரி அண்ணாச்சி. அப்ப எல்லாம் மூணாம் நம்பராவே இருக்கட்டும்” என்றார். அதன் பிறகு நான் அவர் குரலைக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள், ஊருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அது தப்பு என்று அன்று நினைத்தேன். இன்றும் தப்பு என்றே நினைக்கிறேன். நானும் லைன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷம் தகர அறையைத் திறக்கவில்லை. பிறகு மின்வெட்டு வந்தது. பகலில் மணிக்கணக்காகக் கரண்டு இல்லை, மெஷின்கள் நின்றன, கடையிலும் வேலை இல்லை. மேலே ஏறித் தூசி தட்டினேன். கரண்டு இருந்த நேரத்தில் என் முறைப்படியே எஞ்சின்களை எடுத்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாக நம்பர் எழுதினேன். முதல் நான்குக்கும் சரியாக எழுதி, வரிசையாகப் பாதையில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். கீழே யாரோ ஊசி கேட்டுக் கூப்பிட்டார்கள். போய்க் கொடுத்துவிட்டு வந்து, ஐந்தாவதைப் பாதையில் வைத்து எழுதினேன். நின்றிருந்த நான்கையும் எடுக்க மறந்துவிட்டேன். ஐந்தும் ஐந்தாம் நம்பராயின. எல்லாவற்றையும் பாதையில் வைத்து மறுபடி அழித்தேன். ஏழும் மூன்றாம் நம்பருக்குத் திரும்பின.

மேஜைமேல் அவர் வைத்த பிளேடு துருப்பிடித்து அங்கேயே கிடந்தது. மறுநாள் காலையில் அதை வைத்தே அறுத்தேன். நான்கு வெட்டு. துரு பிடித்த பிளேடு என்பதால் நேரமானது. அவர் ஊர் விலாசம் கம்பெனியில் இருந்தது. அவரைத் தெரியாத புது கிளார்க் ஒருவர் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துக் கொடுத்தார். வாங்கி வந்து கடிதம் எழுதினேன். நீளமாக எழுதவில்லை. தொட்டி அறுத்தாகிவிட்டது, நோட்டோடு வாருங்கள், அன்று நான் சொன்னது தப்பு. அவ்வளவுதான். மூன்றாவது வரியை எழுதத்தான் மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் கவரை ஒட்டிய அன்று அவர் அடக்கம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நோட்டு எங்கே என்று அவர் வீட்டில் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது கிடைத்தாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு மணி நேரம் இனி ஓடாது. அதை ஓட்டிவிடுவேன் என்று இங்கே எழுதினால் அது பொய்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பவை சில. பிரிக்காத அந்தக் கவர். பல் தேய்ந்த ஒரு பிளேடு. ஏழு எஞ்சின்கள், அவர் சொன்னபடியே எல்லாம் மூன்றாம் நம்பராக. கரண்டு இருக்கும் நேரத்தில் சில நாள் மேலே போய்ப் பலகையைப் போடுவேன். எஞ்சின் நிற்கும் இடமெல்லாம் விளக்கு எரியும். தொட்டிக்கும் ஒரு விளக்கு வைத்திருக்கிறேன். அங்கே எதையும் நிறுத்துவதில்லை. அந்த ஒன்று எரிந்ததே இல்லை.