கார் நிற்க வேண்டிய இடத்தில் பாறை

மலைக்கிராமமான நாகலூரில் எங்கள் வீட்டுக்கு கார் ஷெட்டும், ரோட்டிலிருந்து ஷெட் வரை சிமென்ட் பாதையும் போட ஏற்பாடு செய்தோம். கணவர் வேலைக்குப் போய்விடுவதால், பள்ளி விடுமுறையில் இருந்த நான்தான் வேலையைக் கவனித்துக்கொண்டேன்.

ஷெட் வரும் இடத்துக்குப் பின்னால் மண்மேடு. அதன் மேலே பெரிய பாறை.

“இன்னும் ரெண்டடி உள்ள வெட்டுங்க. கார் தாராளமா நிக்கும்” என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். “வேண்டாமுங்க டீச்சர். பாறையத் தாங்கறதே அந்த மண்ணுதானுங்க.”

நான் விடவில்லை. வெட்டினார்.

மறுநாள் காலை, மண் அள்ளிக்கொண்டிருந்த மாரியக்கா சட்டென்று நிமிர்ந்தார். வெட்டிய இடத்தில் செந்நிறத் தண்ணீர் கசிந்தது.

“ஏனுங்க மேஸ்திரி, நேத்து பொழுதோட இங்க ஈரமே இல்லீங்களே!”

மேஸ்திரி ஒரு கணம்தான் பார்த்தார். “எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்க! டீச்சர், நீங்களும் வாங்க!”

ரோட்டை எட்டித் திரும்பினோம். பாறை அவசரமே இல்லாமல் சாய்ந்து, இறங்கி, கார் நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. காலடியில் ரோடு அதிர்ந்தது. பாறை இருந்த குழியிலிருந்து தெளிந்த தண்ணீர் ஊற்றெடுத்து வழிந்தது. இத்தனை வருடமும் அந்தப் பாறைக்குக் கீழே நின்றுதான் துணி காயப்போட்டிருக்கிறேன். மாரியக்கா மலையைப் பார்த்துக் கைகூப்பினார். சர்ச்சுக்குப் போகிற நானும் கூப்பினேன்.

பாறையை அங்கேயே விட்டுவிட்டு, ஷெட்டை ரோட்டோரமாகக் கட்டினோம். இப்போது வீட்டில் எந்த வேலை நடந்தாலும், மண்ணில் கைவைக்கிறவர்களிடம்தான் முதலில் கேட்கிறேன். அவர்கள் தயங்கினால், மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிடுகிறேன்.