ரவுட்டர் விற்க மறுத்தவர்

மாடியறையில் இருந்தபடி கம்பெனி வேலை பார்க்கும் என் மனைவி, மீட்டிங் நடுவே மூன்றாவது முறையாகத் திரையில் உறைந்துபோனாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் தினமும் சேலம் ஆபீசுக்கே வந்துவிடும்படி அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டரோடுதான் திரும்புவது என்று வீராப்பாகத் திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினேன்.

அங்கே கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் விரல் முட்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"இப்ப இருக்கற ரவுட்டர எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

"கீழ, கன்னி மூலையில, இரும்பு பீரோவுக்குப் பின்னாடிங்க. வாஸ்துக்காரர் சொன்ன எடம்."

தட்டினார். "அது பணம் தங்கற மூலைங்க. உங்க நெட்டும் அங்கயே தங்கிப்போச்சு. ஒயரு தாரேன், ரவுட்டர இழுத்து மாடிப்படிகிட்ட வைங்க."

"அதெல்லாம் வேண்டாங்க. ஆறு ஆன்டெனாவக் குடுங்க."

"கொம்பப் பாத்தா மாடு வாங்குவீங்க?"

"காசு நாந்தானுங்களே குடுக்கறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு தட்டு. "தரமாட்டனுங்க."

"என்ன வாங்குனீங்க?" என்று வீட்டு வாசலிலேயே கேட்டாள் மனைவி.

"ஒயரும் பேச்சும்."

ரவுட்டரை மாடிப்படி பக்கம் மாற்றி வைத்தேன்; மறுநாள் மீட்டிங் முழுக்க அவள் உறையவில்லை. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு மனிதர் எப்படித்தான் கடை நடத்துகிறாரோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடை திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.