செம்மறிக்கு ஒரு பிடி

கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பண்ணையைப் பார்த்த நாளிலிருந்து என் சித்தப்பாவுக்கு நிம்மதி போய்விட்டது. அந்தப் பண்ணையில் ஆடும் கோழியும் வாத்தும் முயலும் வான்கோழியும் ஒரே புல்வெளியில் கல்யாண வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களைப் போல உலாவின. கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்த சித்தப்பா, ஹந்தானை மலைச் சரிவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தை வலையடித்து, அத்தனையையும் கொண்டுவந்து விட்டார். படத்தில் இல்லாத சண்டையெல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது. வாத்துகள் கோழிகளின் தண்ணீரைச் சேறாக்கின. வான்கோழி முயல்களைத் துரத்தியது. ஆடுகள் எல்லோருடைய தீனியையும் தின்றன.

"பழகப் பழகச் சரியாயிரும்" என்பார் சித்தப்பா.

அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதத்தில், சித்தியின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து முதல் தடவையாக வந்தார். வேனிலிருந்து அவர் இறக்கியது ஒரு செம்மறிக் குட்டி. சீதனம் இப்போதுதான் வந்து சேர்கிறது என்று என் அப்பா சிரித்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வந்த அன்றே நான் செம்மறியின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். வெள்ளாடுகள் அதை முட்டித் தள்ளின. அதைவிட எனக்குப் பொறுக்காதது, காலையில் சித்தப்பா வெள்ளாடுகளுக்குத் தவிட்டில் கலந்து வைக்கும் கனியுப்பு என்ற சத்துத் தூளில் அதற்கு மட்டும் பங்கில்லாததுதான். தூள் இருந்த டின்னில் 'ஆடு' என்று அவரே பெரிதாக எழுதியிருந்தார். செம்மறியும் ஆடுதானே? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், யாருக்கும் தெரியாமல் தினம் ஒரு பிடி தூளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அதற்குக் கொடுத்தேன். அது என் உள்ளங்கையை நக்கி நக்கித் தின்னும். நியாயம் செய்துவிட்ட பெருமையோடு திரும்பி வருவேன்.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு நாள் செம்மறி எழும்பவில்லை. கண் மஞ்சளாகியிருந்தது. மூத்திரம் கோப்பி நிறத்தில் போனது. மறுநாள் மிருக வைத்தியர் வந்து சேர்ந்தபோது அது செத்து அரைமணி நேரமாகியிருந்தது. அவர் டின்னை வாங்கி, அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். இதில் செம்பு இருக்கிறது, வெள்ளாட்டுக்கு அது தேவை, செம்மறிக்கோ நஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும் என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னார். பிறகு, இதைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"நான் ஒரு நாளும் போடலியே" என்று சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பினார். நான் அம்மாவின் பின்னால் நகர்ந்தேன்.

துணி துவைக்கும் கல்லிலிருந்து சித்தி ஈரக் கையோடு வந்தார். கையில் என் பள்ளிக்கூடச் சட்டை. அதன் பை வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"நான்தான் போட்டனான்" என்றார் சித்தி. "ஆடு எண்டு எழுதிக் கிடந்தது. செம்மறிக்கும்தானே எண்டு நினைச்சன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் சித்தப்பா. அதன் பிறகு ஒரு வாரம் அவர் சித்தியோடு பேசவில்லை. செம்மறி செத்த அன்று பின்னேரமே சித்தி தன் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "என்ர பிழைதான் அப்பா" என்று அவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

எனக்கோ பெரிய ஆறுதல். சித்தியும் போட்டிருக்கிறார். அப்படியென்றால் என் ஒரு பிடியால் அது சாகவில்லை. இரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டின்போது, செம்மறி வளர்க்கிற ஊரில் பிறந்தவளுக்கு இது கூடவா தெரியாது என்று அம்மா அலுத்துக்கொண்டார். நானும் சேர்ந்துகொண்டேன்.

"சித்திக்கு ஒண்ணுமே தெரியாது!"

என் சோற்றுக் கோப்பையில் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்த சித்தியின் கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை" என்றார், "எனக்குத் தெரியாதுதான்."

பிறகு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். பெரிய ஆள் ஒருவரே என்னிடம் தோற்றுப்போய் ஒத்துக்கொண்டுவிட்டார் என்ற திருப்தியில், நான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.